மீனை நன்றாகக் கழுவிச் சமைத்தால் பாதரசமும் டிடிடி பூச்சிக்கொல்லியும் போய்விடுமா?

பாதரசம் போகாது. மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம், அதன் சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் அசையாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவோடு அது விரிகுடாவில் கலந்தது. 1956-இல் மனிதர்களுக்கு வந்த நோய் பதிவாகும் முன்பே, மீன் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு சுழன்று விழுந்தன.

டிடிடி, பிசிபி (மின்சாதனங்களில் பயன்பட்ட ஒரு தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற குளோரின் சேர்மங்கள் வேறு ரகம், கொழுப்பில் கரைபவை. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, எண்ணெய் சொட்டச் சொட்டச் சுட்டால் ஓரளவு குறையும். (ருசியும் அதோடு போகும், என்ன செய்ய!) அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் சாக்கடை வழியாக டிடிடி கடலுக்குப் போவது 1971-இல் நின்றது, ஆனால் அருகிலுள்ள பாலோஸ் வெர்டெஸ் கரையோரக் கடலடிச் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது.

சுறாவைவிட நெத்திலியில் பாதரசம் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் நெத்திலிக் குழம்புதான்.