வாடகை வீட்டில் பூனைகள்: உரிமையாளர் கேட்கும் கூடுதல் கட்டணத்தை எப்படி அணுகுவது?

கேள்வி: கருத்தடை செய்யப்பட்ட இரண்டு பூனைகளுடன் புதிய வாடகை வீட்டுக்குக் குடிபோக இருக்கிறோம். வழக்கமான முன்பணத்துக்கு மேல், திருப்பித் தரப்படாத ஒரு தொகையும், ஒவ்வொரு பூனைக்கும் தனி மாதக் கட்டணமும் உரிமையாளர் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? பூனைகளைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது.

பதில்: பூனைகளைப் பற்றி உரிமையாளரிடம் மறைக்காமல் சொன்னதே சரி. மறைத்து வைத்த பூனை பின்னர் தெரியவந்தால், அது ஒப்பந்த மீறலாகி, அவசரமாக வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வரலாம். அத்தகைய அவசரங்களில்தான் பல பூனைகள் கைவிடப்படுகின்றன.

தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன், அது எந்த வகைப் பணம் என்று பிரித்துப் பாருங்கள். சேதம் இல்லாவிட்டால் திரும்பி வரும் கூடுதல் முன்பணம் நியாயமானது. திருப்பித் தரப்படாத தொகையோ, வீட்டைப் புதிதுபோல ஒப்படைத்தாலும் போனது போனதுதான். அதைக் கொடுத்த பிறகும் சேதத்துக்கான செலவை முன்பணத்திலிருந்து பிடிப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மூன்றில் சிறியதாகத் தெரியும் மாதக் கட்டணம்தான் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கிறது. ஒரு பூனைக்கு வாடகையில் 3 சதவீதம் என்றால், இரண்டு பூனைகளுக்கு 36 மாதங்களில் இரண்டு மாத வாடகையைவிட அதிகமாகிவிடும். முன்பணத்துக்குச் சட்ட உச்சவரம்பு உள்ள இடங்களும், திருப்பித் தரப்படாத கட்டணங்களை அனுமதிக்காத இடங்களும் இருப்பதால், கையெழுத்திடும் முன் உங்கள் பகுதியின் வாடகைச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

உரிமையாளரின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. பூனையின் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாத படிகங்களாகத் தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மீண்டும் நாற்றம் வீசச் செய்யும். மரத் தரைக்கோ கம்பளத்துக்கோ அடியில் இறங்கிவிட்டால், சில சமயம் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே இந்த அச்சத்துக்கு நேரடியாகப் பதில் சொல்வதே உங்களுக்குப் பலம். கருத்தடை, தடுப்பூசி, உண்ணி நீக்கம் ஆகியவற்றுக்கான கால்நடை மருத்துவரின் சான்றையும், முந்தைய வீட்டு உரிமையாளரின் கடிதத்தையும் கொடுங்கள். கருத்தடை செய்த பூனைகள் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது பெருமளவு குறையும் என்பதையும், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அதாவது மூன்று மலத்தொட்டிகள் வைக்கப்போவதையும் சொல்லுங்கள். தப்பித்தவறிக் கறை பட்டால் நொதி கலந்த துப்புரவுத் திரவமே பயன்படும். அமோனியா கலந்தவற்றின் வாடை பூனையை அதே இடத்துக்கு மீண்டும் இழுக்கக்கூடும். கதவுச் சட்டத்தையும் சோபாவையும் காக்க, அவற்றின் அருகிலேயே உறுதியான, உயரமான கீறல் கம்பங்களை நிறுத்துங்கள்.

நகங்களை நிரந்தரமாக அகற்ற வேண்டும் என்று யாராவது நிபந்தனை விதித்தால், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுக்கும் அறுவை; பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. அதன் வலியால் மலத்தொட்டியைத் தவிர்க்கும் பூனைகளும் உண்டு என்பதால், உரிமையாளருக்கும் அதனால் நன்மை இல்லை.

இத்தனையும் காட்டிய பிறகு, திருப்பித் தரப்படாத தொகையைத் திரும்பக் கிடைக்கும் முன்பணமாக மாற்றவும், மாதக் கட்டணத்தைக் கைவிடவும் கேளுங்கள். இரண்டுக்கும் இசையாவிட்டால், ஏதேனும் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்வது நடுவழி. முடிவானதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: எத்தனை பூனைகளுக்கு அனுமதி, எது சேதம், எது இயல்பான தேய்மானம், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை அதில் இருக்கட்டும். குடிபுகும் நாளன்றே தரை, கதவு, திரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். மாதக் கட்டணம் தவிர்க்க முடியாததானால், ஒரு பூனை இறந்தாலோ வேறு வீட்டுக்குப் போனாலோ அதற்கான கட்டணம் அந்த மாதத்தோடு நின்றுவிடும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பலரும் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.