கம்பஸ் பார்க்கத் திருமலை வருகிறீர்களா? முதலில் நிலாவெளி வீதியைப் பாருங்கள்

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்குத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போகும் முதல் பிள்ளை. பதிவுக்கு முன் நானும் மகளும் என் தம்பியும் ஒருமுறை வந்து பார்க்க நினைக்கிறோம். வியாழன், வெள்ளி லீவு எடுக்கலாம், சனிக்கிழமை திரும்பிவிட வேண்டும். உள்ளே விடுவார்களா? எங்கே தங்குவது? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கோணேசர் கோயிலுக்கு ஒரு நேர்த்தியும் இருக்கிறது."

மகளுக்கு என் வாழ்த்துகள். வந்து பார்ப்பதென்று நீங்கள் எடுத்த முடிவு மிக நல்லது. பெட்டியும் கையுமாகப் பதிவு நாளன்று முதல்தடவை வந்து இறங்கும் குடும்பங்கள் அன்று மாலைக்குள் போர்டிங் தேடி அலைவதைப் பார்க்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

முதலில் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டம் தருவது கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் தலைமையகம் மட்டக்களப்பு மாவட்டத்தில், வந்தாறுமூலையில் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. உங்கள் மகள் படிக்கப்போவது அங்கே அல்ல, அதன் திருகோணமலை வளாகத்தில். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம். கடிதத்தில் "கிழக்குப் பல்கலைக்கழகம்" என்று கண்டவுடன் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள்.

வளாகம் திருகோணமலை நகருக்குள்ளும் இல்லை. நகரத்திலிருந்து வடக்கே போகும் நிலாவெளி வீதியில், உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி, கோணேசபுரியில் இருக்கிறது. மகளின் வாழ்க்கை இந்த ஒரு வீதியில்தான் நடக்கப்போகிறது. வகுப்பு ஒரு முனையில், வங்கி, ஆஸ்பத்திரி, பெரிய கடைகள், ஊருக்குப் போகும் பஸ் எல்லாம் மறுமுனையில். அதனால் கட்டடங்களைப் பார்க்கச் செலவிடும் நேரத்தைவிட இந்த வீதியைப் பார்க்க அதிக நேரம் ஒதுக்குங்கள்.

வியாழக்கிழமை விடியப் புறப்படுங்கள். ஹற்றனிலிருந்து கண்டி வந்து, குட்ஷெட் பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் எடுக்கலாம். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை பெரும்பகுதி காடு. இருட்டினால் யானை வீதிக்கு வரும். பகலிலேயே அந்தத் துண்டைக் கடந்துவிடும்படி கணக்குப் பண்ணி ஏறுங்கள். மகளுக்கும் இதைப் பழக்கமாகவே சொல்லிக்கொடுங்கள்.

இரவு தங்க நகரத்தையே தேர்ந்தெடுங்கள். உப்புவெளியும் நிலாவெளியும் உல்லாசப் பயணிகளின் கடற்கரை. மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில் அறை வாடகை ஏறிவிடும். பஸ் நிலையத்தையும் காளி கோயிலையும் சுற்றி நடுத்தரமான லொட்ஜுகளும் சைவக் கடைகளும் உண்டு. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் மட்டும் முன்கூட்டியே அறை பேசிவையுங்கள். அந்த நாட்களில் ஊரே வீதியில் நிற்கும்.

வெள்ளி காலை ஆட்டோ பிடிக்க வேண்டாம். மகள் போகப்போகும் பஸ்ஸிலேயே போங்கள். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று பலகை போட்ட எதிலும் ஏறலாம். "கம்பஸடியில இறக்கிவிடுங்கோ" என்றால் கொண்டக்டருக்கு விளங்கும். யன்னல் பக்கம் மகளை உட்காரவைத்து, எந்தத் தரிப்பிடத்தில் எந்தக் கடை, எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல் என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஆட்கள் முகவரியைக் கட்டைக் கணக்கில், அதாவது மைல்கல் கணக்கில், சொல்வார்கள், மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று. போர்டிங் தேடும்போது அது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். வேலை நாளில், அலுவலக நேரத்தில், காரணம் சொல்லிப் போனால் வழி உண்டு. முந்திய வாரமே பதிவாளர் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, புதிய மாணவியின் பெற்றோர் என்று சொல்லி அனுமதி கேட்டுவையுங்கள். போயா தினமா, விடுமுறைக் காலமா, பணிப்பகிஷ்கரிப்பா என்பதையும் அப்போதே கேளுங்கள். மூவரும் அடையாள அட்டையும், மகள் தெரிவுக் கடிதமும் கொண்டுபோக வேண்டும். காலை ஒன்பது மணியளவில் வாசலில் நின்றால் நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரம். ஊழியர் பலர் தொழுகைக்குப் போவார்கள், வீதியோரக் கடைகளும் மூடும். அதற்குள் அலுவலக வேலையை முடியுங்கள்.

இங்கே பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வர்த்தகமும், சித்த மருத்துவம் என்று பிரிந்து நடக்கிறது. மகள் போக வேண்டியது தொடர்பாடல், வர்த்தகக் கற்கைகள் பீடம். நூலகத்தைப் பாருங்கள், கன்டீனில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அவ்வளவு போதும். நேரம் செலவிட வேண்டியது மாணவர் நலனைக் கவனிக்கும் பிரிவில். அங்கே விடுதியைப் பற்றிக் கேளுங்கள். பொதுவாகப் பல்கலைக்கழக விடுதிகளில் முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் முன்னுரிமை. தூரமும் வருமானமும் பார்க்கப்படும். ஹற்றனிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த இரண்டும் சாதகம். கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்திய வருமானச் சான்றை ஊரிலேயே இரண்டு, மூன்று பிரதி எடுத்துவையுங்கள். விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அது கைகொடுக்கும்.

அங்கேயே மாணவர் ஆலோசகர் யார் என்று கேட்டு, பெயரையும் எண்ணையும் மகளின் கையால் எழுதச் சொல்லுங்கள். பகிடிவதை (ராகிங்) பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையின் எந்தக் கல்வி நிறுவனத்திலும் அது தண்டனைக்குரிய குற்றம். "ஏதும் நடந்தால் முதலில் யாரிடம் போக வேண்டும்?" என்று மகளே நேரில் கேட்கட்டும். தாய் பக்கத்தில் நிற்க அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்ட பிள்ளைக்குப் பிறகு தனியே கேட்கவும் தைரியம் வரும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து வருவதால் மகளுக்குச் சிங்களமும் ஓரளவு தெரிந்திருந்தால், அது இங்கே பெரிய பலம்.

இனி போர்டிங். விடுதி கிடைத்தாலும் இரண்டாம் வருடத்தில் தேவைப்படலாம், அதனால் இப்போதே பார்த்துவையுங்கள். கோணேசபுரி, சாம்பல்தீவு, அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கங்களில் வீடுகள் கிடைக்கும். வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுப் பாருங்கள். கடலோர மணலில் ஒரு வளவில் நல்ல தண்ணீர் இருக்கும், இரண்டு வளவு தள்ளி உவர்க்கும். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளே நின்று போட்டுப் பாருங்கள். கேற் பூட்டும் நேரம் என்ன, சமைக்க விடுவார்களா, வேறு யார் தங்கியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கார அம்மாவிடமே கேளுங்கள். மதிலின் அடியில் மண்நிறக் கறை எந்த உயரத்தில் நிற்கிறதென்று பார்த்தால் கார்த்திகை, மார்கழி மழையில் வளவுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது தெரிந்துவிடும். இன்னொன்று மிக முக்கியம்: சீசனில் பயணிகளுக்கு விட அறையைக் காலிசெய்யச் சொல்வார்களா? அதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அந்த வீடு வேண்டாம். பரீட்சைக் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கிற நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

பிடித்த வீடு கிடைத்தால் அன்றே முற்பணம் கொடுக்காதீர்கள். மாலை ஆறரைக்கு மறுபடி அங்கே போங்கள். பிரதான வீதியில் இறங்கி அந்த வீடு வரை மூவரும் நடந்து பாருங்கள். வீதி விளக்கு எரிகிறதா, ஒழுங்கைக்குள் நாய்கள் எப்படி, அந்த நேரத்தில் நகரத்திலிருந்து வரும் பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது, அதில் பெண்கள் இருக்கிறார்களா? ஒழுங்கையின் முகப்பில் உள்ள கடைக்காரருடன் இரண்டு வார்த்தை பேசிவையுங்கள். பகலில் அழகாகத் தெரிந்த வீடு இருட்டில் வேறு விதமாகத் தெரியலாம். வாடகை ஆயிரம் ரூபாய் கூடினாலும் பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டவுள்ள வீட்டையே எடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

உடுப்பு விஷயம்: மலைநாட்டுக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு இந்த வெயில் முதல் மாதத்தில் கஷ்டம் கொடுக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று சூடாக வீசும். பருத்தித் துணி, குடை, தண்ணீர்ப் போத்தல் மூன்றும் கட்டாயம். ஸ்வெட்டர் வீட்டிலேயே இருக்கட்டும்.

சனி விடியற்காலை நேர்த்திக்குப் போங்கள். கோணேசர் கோயில் பிரெட்றிக் கோட்டைக்குள், சுவாமிமலை உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருப்பதால் வாசலில் சோதனை இருக்கலாம். மேலேறும் வழியில் புள்ளிமான்கள் பக்கத்திலேயே நிற்கும். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். ஊர்ச்சனம் மறைத்துவைத்த விக்கிரகங்களில் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. கோயிலுக்குள் போனால் மகளுக்கு அதைச் சொல்லுங்கள். பூசை முடிந்ததும், இராவணன் வெட்டு என்று சொல்லும் பாறைப் பிளவின் அருகே நின்று கடலைப் பாருங்கள். வெயில் ஏறினால் கல் காலைச் சுடும், செருப்பில்லாமல் நிற்க முடியாது. அதனால்தான் விடியற்காலை என்கிறேன்.

கன்னியா வெந்நீரூற்று அநுராதபுரம் வீதிப் பக்கம். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஆட்டோவில் போய்வர நேரம் இருந்தால் மட்டும் போங்கள். நிலாவெளி வீதியில் உள்ள யுத்தக் கல்லறையை வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்தே கண்டிருப்பீர்கள். நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவை இந்தமுறை விட்டுவிடுங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. படகுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் சேர்த்து மூன்று பேருக்கு நல்ல தொகை வரும். கடலும் மே முதல் செப்டெம்பர் வரைதான் அமைதி. மகள் நண்பிகளோடு ஒருநாள் போய்வரட்டும். குளிப்பதற்கும் அதே கணக்குத்தான்: வாடைக் காலத்தில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, கடலில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கோயிலால் இறங்கிக் காலைச் சாப்பாட்டை முடித்தால் பத்து மணிக்குள் கண்டி பஸ்ஸில் ஏறிவிடலாம். கண்டியில் ஹற்றன் பஸ்ஸுக்கு மாறும்போது பொழுது இன்னும் இருக்கும். சனிக்கிழமை பிந்தினால் சனக்கூட்டம் அதிகம், மூன்று ஆசனம் சேர்த்துக் கிடைக்காது. லொட்ஜிலிருந்து புறப்படும்போதே தம்பியை பஸ் நிலையத்துக்கு அனுப்பிப் பஸ் நேரத்தைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.