சுவிஸ் மலையில் பனிச்சரிவு: ‘5இல் 3தானே’ என்று போகலாமா?

கேள்வி: பெப்ரவரியில் சுவிஸில் இருக்கும் மச்சானிடம் போகிறேன். ஸ்னோ ஷூ கட்டிக்கொண்டு மலையில் நடப்போம் என்கிறார். பனிச்சரிவு அபாயம் 5இல் 3 என்றாலும் பயமில்லையாம். நம்பலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நம்பாதீர்கள். இந்த அளவுகோலில் 3 என்பது நடுத்தரம் இல்லை. படிக்குப் படி அபாயம் பல மடங்காகிறது. சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 3 அறிவித்த நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 என்றால் பெரும்பாலானோர் மலைக்கே போவதில்லை. 3 அன்று புதுப் பனி கிடக்கும், வெயிலும் அடிக்கும், ஆசை விடுமா?

மண்சரிவென்றால் நாம் மழையைப் பார்த்துப் பயப்படுகிறோம். பனிச்சரிவில் சிக்குபவர்களில் 10க்கு 9 பேர் விடயத்தில் அதைக் கிளப்பிவிடுவது அவர்களேதான், அல்லது கூடப் போனவர்கள். பொலபொலவென்ற பழைய பனியின்மேல் காற்று புதுப் பனியைக் கொண்டுவந்து இறுக்கி வைத்திருக்கும். ஒருவர் கால் வைத்தாலே மேல்படை முழுதாகப் பெயர்ந்து வரலாம்.

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது, ஆங்கிலத்திலும் உண்டு. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசைச் சரிவு, எத்தனை மீற்றருக்கு மேல் என்பதையும் வாசியுங்கள். 2,200 மீற்றர் என்றால் நமக்குப் பெரிய உயரம் (பிதுருதலாகலையே 2,524தான்), அங்கே கேபிள் காரில் சும்மா போய்விடுவார்கள்.

அப்புறம், சரிவின் சாய்வு. 30 பாகைக்கு மேற்பட்டவற்றை சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ இணைய வரைபடத்தில் நிறமிட்டுப் பார்க்கலாம். 3 அன்று அவற்றில் ஏறவும் வேண்டாம், அடிவாரத்தால் நடக்கவும் வேண்டாம். கீழே நிற்பவரின் பாரத்துக்கே மேலே பெயர்வதுண்டு. ‘வூம்’ என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, காலடியில் வெடிப்பு ஓடினாலோ, வந்த வழியே திரும்புங்கள்.

முதல் தடவை போகிற உங்களுக்கு, ஸ்னோ ஷூ நடைக்கென்றே ரோஸ் நிறப் பலகை போட்ட பாதை திறந்திருந்தால் அதுவே போதும். மச்சான் அதைவிட்டு வெளியே கூப்பிட்டால், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் தடி, பனி அள்ளும் ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, பாவிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். புதைந்தவரைச் சுமார் 10 நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும். 1414க்கு அடித்தால் மீட்பு ஹெலிகொப்டர் வரும், ஆனால் அதற்குள் வந்து சேருவது அபூர்வம்.