அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கைப் புதுக் கொம்பியூட்டரில் பூட்டலாமா?

கேள்வி: அப்பா 2004இல் வாங்கிய கொம்பியூட்டர் ஐந்தாறு வருஷமாக ஸ்டோர் அறையில் கிடக்கிறது. சுவிட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. மதர்போட் போய்விட்டது என்கிறார்கள். அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். அக்காவின் கலியாணப் படங்கள், அப்பா இருந்திருந்து தட்டி வைத்த எங்கள் வம்சாவளி, கோயில் கணக்கு எல்லாம் அதற்குள்தான். இப்போது தம்பி காசு அனுப்பி ஒரு புதுக் கொம்பியூட்டர் எடுத்திருக்கிறோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதில் பூட்டினால் எல்லாம் அப்படியே வருமா? ஒரு கடையில் கேட்டோம். ஃபோர்மட் அடித்துத்தான் போடலாம் என்றார்கள். அப்பாவின் பாஸ்வேர்டும் எங்களுக்குத் தெரியாது.
– வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, அந்தக் கடைக்கு டிஸ்க்கைக் கொடுக்க வேண்டாம். ஃபோர்மட் அடித்தால் நீங்கள் தேடுகிற அத்தனையும் போய்விடும். செத்தது மதர்போட். டிஸ்க் பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

அப்பாவின் விண்டோஸ் அப்படியே எழும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2004 என்றால் அநேகமாக எக்ஸ்பி. எக்ஸ்பியைப் போடும்போது அது அந்த மதர்போட்டையும் அதில் டிஸ்க்கை இயக்குகிற சிப்பையும் அறிந்து, அதற்கேற்ற டிரைவரை, அதாவது அந்தச் சிப்போடு பேசுகிற சின்ன மென்பொருளைத்தான் வைத்துக்கொள்ளும். வேறு பெட்டியில் கொண்டுபோய்ப் பூட்டினால் தன் டிஸ்க்கையே அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. நீலத்திரை வந்து நின்றுவிடும். அதை எழுப்பப் பாடுபடவும் தேவையில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. உங்களுக்கு வேண்டியது அப்பா எழுதினதும் படங்களும். புது விண்டோஸ் அதன்பாட்டில் ஓடட்டும், பழைய டிஸ்க் பக்கத்தில் இன்னொரு பெட்டகமாக இருந்து திறபடட்டும்.

பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தால் டிஸ்க் தெரியும், ஒரு சின்னப் புத்தகமளவு. நாலு ஆணியைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அதன் பின்பக்கத்தை வடிவாகப் பாருங்கள். இரண்டு வரிசையாக நெருக்கமான ஊசிகளும், சாம்பல் நிறத்தில் நாடா மாதிரி அகலமான கேபிளும் இருந்தால் அது ஐடிஈ. 40 ஊசிக்குரிய இடத்தில் ஒன்று இருக்காது. உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், கேபிளை மாறிச் செருகாமல் இருக்க அப்படித்தான் செய்திருப்பார்கள். விரலகலத்தில் மெல்லிய கேபிள் இருந்தால் அது சாட்டா. சாட்டா 2003இலேயே வந்துவிட்டது, என்றாலும் 2004இல் யாழ்ப்பாணத்தில் நான் திறந்த பெட்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் ஐடிஈதான்.

சாட்டா என்றால் புதுப் பெட்டிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டலாம். ஐடிஈக்குப் புது மதர்போட்டில் வாயே கிடையாது. யூஎஸ்பி கன்வேட்டர் ஒன்று வாங்கவேணும். கடையில் கேட்கும்போது "ஐடிஈ, சாட்டா இரண்டுக்கும் சேர்ந்தது, கரண்ட் அடப்டரோடு" என்று சொல்லிக் கேளுங்கள். அந்த அடப்டர் இல்லாமல் வேலை நடக்காது. பெரிய டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட் கேட்கும், யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட்.

ஐடிஈ டிஸ்க்கில் இன்னொன்று, பலபேர் மறக்கிறது. ஊசிகளுக்கும் கரண்ட் வாய்க்கும் நடுவில் அரிசிமணி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதற்கு ஜம்பர் என்று பெயர். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் அது எங்கே இருந்தால் மாஸ்டர், எங்கே இருந்தால் ஸ்லேவ் என்று படம் போட்டிருப்பார்கள். மாஸ்டரில் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் டிஸ்க் என்றால் மட்டும், தனியே ஓடும்போது ஜம்பரைக் கழற்றிவிட வேணும். "டிஸ்க் செத்துவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் சிலதுக்கு இந்தத் துண்டை மாற்றினதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை.

டிஸ்க்கை மர மேசையில் படுக்கவையுங்கள். அடியில் பச்சைப் பலகை வெளியே தெரியும், ஆகவே இரும்புப் பெட்டியின் மேல் வைக்கக் கூடாது, சோர்ட் ஆகும். கேபிளைச் செருகி, அடப்டரைப் போட்டு, கடைசியாக யூஎஸ்பி. விரல் நுனியை டிஸ்க்கின் ஓரத்தில் மெதுவாக வையுங்கள். உள்ளே ஒன்று சுழன்றெழும்புகிற சின்ன அதிர்வு தெரியும், பிறகு ஒரே சீரான இரைச்சல். அது தெரிந்தால் பாதி வெற்றி.

அப்படியில்லாமல் டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள். வாசிக்கிற முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் தகட்டில் கீறல் விழலாம். இன்னொருக்கால் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசை வேண்டாம். திறந்து பார்ப்பதும் வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். எங்கள் ஈரக் காற்றில் வெளியே எடுத்தவுடன் உள்ளே வேர்த்துவிடும். தரவு மீட்கிற வேலையை மட்டும் செய்கிறவர்களிடம் அதைக் கொடுக்க வேணும்.

நல்லபடியாக எழும்பினால் இரண்டு கேள்வி வரலாம். "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்டால் கான்சல். அனுமதி இல்லை என்று சொல்லித் தொடரவா என்று கேட்டால் தொடருங்கள். பாஸ்வேர்டுக்காகக் கவலைப்பட வேண்டாம். அது அப்பாவின் விண்டோஸுக்குள் நுழைகிற கதவுக்கு மட்டும்தான் பூட்டு. அப்பா தன் கோப்புகளைத் தனியே பூட்டி மறைகுறியாக்கி வைத்திருந்தால்தான் சிக்கல், வீட்டுக் கொம்பியூட்டரில் அதை நான் கண்டது மிக அரிது. எக்ஸ்பியில் எல்லாம் "டொக்கியூமன்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" என்ற ஃபோல்டரில், அப்பா வைத்த பெயருக்குள் கிடக்கும். டெஸ்க்டொப்பில் வைத்தவையும் அங்கேதான். கொப்பி எடுங்கள், கட் செய்யாதீர்கள். கரண்ட் நின்று நின்று வருகிற நாளில் தொடங்கவும் வேண்டாம். எடுத்து முடிந்ததும் ஒரு வைரஸ் ஸ்கான், அந்தக் காலத்துப் பென்ட்ரைவ்கள் கொண்டுவந்து விட்டவை இன்னும் உள்ளே இருக்கும்.

வம்சாவளிக் கோப்பைத் திறந்ததும் நெஞ்சு திடுக்கிடும். ஒரு தமிழ் எழுத்தும் இருக்காது, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும். பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்த நாளில் இங்கே அநேகமாக எல்லோரும் தட்டினது பாமினி என்ற எழுத்துருவில். பாமினியில் அம்மா என்று தட்டினால் கொம்பியூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. பாமினி எழுத்துரு இருந்தால் அது அம்மா, இல்லாவிட்டால் வெறும் குப்பை. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து பாமினியைப் புதுக் கொம்பியூட்டரில் நிறுவுங்கள், அப்பாவின் எழுத்து திரும்பி வரும். பிறகு ஆறுதலாக ஒரு பிரதியை, எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி, ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் உங்கள் அம்மாவோடு இருந்து சரிபாருங்கள். மூலக் கோப்பை அப்படியே விடுங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. என் அம்மாவின் இளவயதுப் படம் என்று இன்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டையில் ஒட்டியிருந்த ஒன்றுதான். அதனால் சொல்கிறேன், எடுத்தவற்றை ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி தம்பியிடமும் வையுங்கள். பழைய டிஸ்க்கை ஈரம் படாமல் சுற்றி எடுத்துவையுங்கள், எறியாதீர்கள்.

கேள்வி: பழுதான மடிக்கணினியின் டிஸ்க்கை அண்ணாவின் கணினியில் மாட்டினேன். 48 இலக்க எண் ஒன்று கேட்கிறது. கடையில் உடைத்துத் தருவார்களா?
– வாசகர், கரவெட்டி

பதில்: தம்பி, அது பிட்லொக்கர், டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கிற விண்டோஸின் ஏற்பாடு. உடைக்க ஏலாது, உடைத்துத் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கணினியை முதன்முதல் அமைத்தபோது எந்த மின்னஞ்சலால் மைக்ரோசொஃப்ட் கணக்குத் திறந்தீர்களோ, போனில் அதே கணக்குக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே அந்த எண் பதிவாகியிருக்கும். டிஸ்க் கேட்கிற இடத்தில் ஒரு குறியீடும் காட்டும். கணக்கில் பல எண்கள் இருந்தால் அந்தக் குறியீட்டோடு ஒத்ததை எடுத்து அடியுங்கள்.