கழுத்தை மட்டும் அழுத்தினால் போதுமா?

கேள்வி: அண்ணே, என் .308 துப்பாக்கிக்கு நானே தோட்டா நிரப்ப ஆரம்பித்திருக்கிறேன். ரேஞ்சில் ஒருவர், சுட்டு விரிந்த உறையின் கழுத்தை (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியை) மட்டும் சைஸ் பண்ணு, அதாவது பழைய அளவுக்கு அழுத்து, பித்தளை உறை ரொம்ப நாள் உழைக்கும் என்கிறார். இன்னொருவர் முழு உறையையும் அழுத்தாமல் வேட்டைக்குப் போகாதே என்கிறார். மச்சான் வேறு தன் துப்பாக்கியில் சுட்ட உறைகளை ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார். எந்த டை (உறையை அழுத்தும் அச்சு) வாங்குவது?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முழு உறை டையே வாங்குங்கள் தம்பி. ஆனால் அதோடு வரும் தாளில் இருக்கிறபடி திருகிவிடாதீர்கள், சண்டையே அங்கேதான். உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் டை முட்டியதும் இன்னும் கால் சுற்று திருகச் சொல்வார்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பது அவர்கள் கவலை, அதனால் பல சேம்பர்களுக்கு (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) அது உறையின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடும். சுடும்போது அந்த இடைவெளியை நிரப்ப உறை நீள்கிறது, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிகிறது, நாலைந்து முறை இப்படியே போனால் அங்கே ஒரு பளபள வளையம் தெரியும். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறை குப்பைக்கு.

சரி, எவ்வளவு தள்ளுவது? கையால் போல்டை இழுத்து மூடும் துப்பாக்கிக்கு 0.05 மில்லிமீட்டர் போதும், தானாக லோடு ஆகும் ரகத்துக்கு அதைப்போல இரு மடங்கு. அளக்கும் கருவி இல்லையென்றால் போல்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டு, மூடும்போது இறுக்கமாக இருக்கிற ஓர் உறையைச் சேம்பரில் போட்டு, டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் உறையை அழுத்தி போல்டை மூடிப் பாருங்கள். கைப்பிடி தன் எடையிலேயே விழுகிற இடம் வந்ததும் டையைப் பூட்டிவிடுங்கள்.

கழுத்தை மட்டும் அழுத்துவது ஒன்றும் தப்பில்லை, கழுத்தைச் சுற்றிலும் இருந்து நெரிக்கும் கொலெட் டையாக இருந்தால் லூப் (உறை டையில் சிக்காமலிருக்கத் தடவும் வழுக்கு) கூடத் தடவ வேண்டாம். ஆனால் உறையின் உடம்பு விரிந்தபடியே கிடப்பதால் சில முறை சுட்டதும் போல்ட் இறுகத் தொடங்கும். இம்பாலா திரும்பிப் பார்க்கிற நேரத்தில் இரண்டாவது தோட்டா சிக்கிக்கொண்டால், காகித இலக்கில் குண்டுகள் அரை சென்டிமீட்டர் நெருங்கி விழுந்து என்ன பயன்? மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துத் துல்லியப் போட்டி சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களிலேயே பலர் இப்போது முழு உறைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

மச்சான் உறைகள் அவர் சேம்பருக்கு விரிந்தவை, ஆகவே கட்டாயம் முழுதாக அழுத்த வேண்டும். லூப் தாராளமாக வேண்டாம், தோளில் தேங்கினால் சொட்டை விழும். அப்புறம் நீளம் பாருங்கள்: 51.18 மில்லிமீட்டரைத் தாண்டினால் 50.93க்கு வெட்டுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய .303 லீ-என்ஃபீல்டுக்கும் இதே கதைதானா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை, இங்கே நான் கட்சி மாறிவிடுவேன். .303 தன் அடி விளிம்பால் சேம்பரில் நிற்கிற உறை. சேறு மணல் எல்லாவற்றிலும் ஓட வேண்டிய ராணுவத் துப்பாக்கி என்பதால் சேம்பரும் தாராளம். ஒவ்வொரு முறையும் முழுதாக அழுத்தினால் தோள் வெகுதூரம் பின்னால் போய், சீக்கிரமே உறை இரண்டாகப் பிரிந்து முன்பாதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கழுத்தை மட்டும் அழுத்துங்கள், விளிம்புக்குப் பதில் தோளே சேம்பரில் தாங்கலாகிவிடும். போல்ட் இறுகும்போது மட்டும் கொஞ்சம் தள்ளினால் போதும்.

கேள்வி: நண்பனிடம் .270 இருக்கிறது, என்னிடம் இல்லை. அவனுக்கு நிரப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி, உங்கள் பெயரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கான தோட்டாவைத்தான் நீங்கள் நிரப்பலாம். டையைப் பூட்டி உறையை அழுத்தும் பிரஸ்ஸை அவருக்கு இரவல் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், கைப்பிடியை அவரே இழுக்கட்டும்.