நாடே பறிபோன பிறகு ஒரு தூதர் யாருக்காக வேலை செய்வார்? சம்பளம் எங்கிருந்து வரும்?

லிதுவேனியாவின் ஸ்டாசிஸ் லோசொராய்டிஸ் வாழ்க்கையே இதற்குப் பதில். 1934 முதல் 1938 வரை வெளியுறவு அமைச்சராக இருந்துவிட்டு ரோமுக்குத் தூதராகப் போனவர். 1940 ஜூனில் சோவியத் படை நுழைவதற்குச் சற்று முன், வெளியுறவு அமைச்சர் உர்ப்ஷிஸ் ஒரு தந்தி அனுப்பினார்: நாடு வீழ்ந்தால் வெளிநாட்டிலுள்ள தூதர்களுக்கெல்லாம் இவரே தலைவர். அந்த ஒரு தந்திதான் கடைசிவரை அவருடைய அதிகாரத்துக்கு அடிப்படை.

ரோமில் இருந்த தூதரகக் கட்டடத்தை இத்தாலி சோவியத்திடமே கொடுத்துவிட்டது. ஆனால் சோவியத் லிதுவேனியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதை அமெரிக்கா ஏற்கவில்லை. தன்னிடமிருந்த லிதுவேனியப் பணத்தை முடக்கி வைத்தது. வாஷிங்டன் தூதரகம் பல ஆண்டுகள் ஓடியது அந்தப் பணத்தில்தான். சரி, வேலை என்ன? கடவுச்சீட்டு வழங்குவது, ஆக்கிரமிப்பை எதிர்த்து அரசுகளுக்கு மனு எழுதுவது. சலிப்பான வேலைதான். ஆனால் லிதுவேனியா சட்டப்படி உயிரோடு இருந்ததில் இந்தக் காகிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

லோசொராய்டிஸ் 1983இல் இறந்தார், விடுதலையைப் பார்க்காமலே. அவர் பெயரையே கொண்ட மகன் 1987இல் வாஷிங்டன் தூதரகப் பொறுப்பை ஏற்றார். 1991இல் சுதந்திர லிதுவேனியாவின் தூதராக அதே நகரில் தொடர்ந்தார். 1993 அதிபர் தேர்தலில் பிரசாவ்ஸ்காஸிடம் தோற்றார்.