ஏணியைத் தொடுவது எவை? – இயற்பியல் கேள்வி பதில்

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். சுவரில் சாய்த்து வைத்த ஏணிக் கணக்கு வந்தாலே தடுமாறுகிறேன். சூத்திரம் தெரியும், ஆனால் விசைப்படத்தில் எந்த அம்புக்குறி எங்கே வரும் என்று குழப்பம். படம் போடாமலே நேராகச் சமன்பாடு எழுதப் பழகலாமா?
– மாணவி, விருத்தாசலம்

பதில்: வேண்டாம்மா. பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்திய காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான்: இந்தக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் படத்தில். படம் சரியாக இருந்தால் சமன்பாடு தானாக வந்துவிடும்.

பலரும் சுவர், தரை, ஏணி மூன்றையும் வரைந்துவிட்டு, அதன் மேலேயே அம்புக்குறிகளைப் போடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நீ ஏணியை மட்டும் வரை. வெற்றுத்தாளில் ஒரு சாய்ந்த கோடு போதும். சுவரும் தரையும் வேண்டாம். அப்புறம் ஒரே கேள்வி கேள்: இந்த ஏணியைத் தொடுவது எவை? கீழே தரை, மேலே சுவர். தொடாமல் இழுப்பது பூமி மட்டும். ஆக, விசை கொடுப்பவை மூன்றுதான்.

எண்களோடு பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 20 கிலோ நிறை, சீரான ஏணி. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, நுனி 4 மீட்டர் உயரத்தில். சுவர் வழவழப்பானது. பூமி ஏணியின் நடுப்புள்ளியில் கீழ்நோக்கி 200 நியூட்டன் இழுக்கிறது (ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்). தரை அடியில் இரண்டு விசை தருகிறது: மேல்நோக்கிச் செங்குத்து விசை, கிடையாக உராய்வு. சுவரில் உராய்வு இல்லாததால் அது தருவது நுனியில் வெளிப்பக்கமாக ஒரு தள்ளல் மட்டும். மொத்தம் நான்கு அம்புகள்.

உராய்வு எந்தப் பக்கம்? உராய்வே இல்லாவிட்டால் அடி சுவரை விட்டு விலகி வழுக்கும். அதைத் தடுப்பதால் உராய்வு சுவரை நோக்கி.

ஒவ்வொரு அம்பையும் தொட்டு, ‘இது ஏணியின் மேல் எது தரும் விசை?’ என்று கேள். பதில் இல்லையென்றால் அழித்துவிடு. ஏணி சுவரைத் தள்ளுவதும் உண்மைதான், ஆனால் அந்த விசை செயல்படுவது சுவரின் மேல். அதற்கு இந்தப் படத்தில் இடமில்லை.

இப்போது சமன்பாடு. மேலும் கீழும்: தரையின் செங்குத்து விசை 200 நியூட்டன். கிடையாக: உராய்வும் சுவரின் தள்ளலும் சமம். திருப்பு விசையை (விசை × அதன் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம்) அடியைப் பற்றி எடு, தரையின் இரண்டு விசைகளும் அங்கேயே செயல்படுவதால் கழன்றுவிடும். சுவரின் தள்ளல் × 4 = 200 × 1.5. தள்ளல் 75 நியூட்டன், உராய்வும் 75.

இத்தோடு நிறுத்திவிடாதே. 60 கிலோ எடையுள்ள பெயின்டர் ஒருவரை ஏணியில் ஏற்று, ஐந்தாவதாக ஓர் அம்பு போடு. அவர் ஏணியில் 4 மீட்டர் ஏறியதும் அடியிலிருந்து கிடைத்தூரம் 2.4 மீட்டர். திருப்பு விசை 300 + 1440 = 1740; அதை 4-ஆல் வகுத்தால் 435 நியூட்டன் உராய்வு தேவை. செங்குத்து விசை 800. அதாவது உராய்வுக் குணகம் (உராய்வு ÷ செங்குத்து விசை) குறைந்தது 0.54 இருக்க வேண்டும். அவர் அடிப்படியில் நின்றபோது 0.1 போதுமானதாக இருந்தது! ஏறும்போது அசையாத ஏணி உச்சிக்கு அருகே போனதும் சறுக்குவது இதனால்தான். கீழ்ப்படியில் 50 கிலோ ஆள் ஒருவர் மிதித்து நின்றால் செங்குத்து விசை 1300 ஆகும், தேவையான உராய்வோ அநேகமாக அதே 435தான். குணகம் 0.33 போதும். வேலையாட்கள் ஏணியடியில் ஆள் நிறுத்துவதற்கான காரணம் முழுக்க இந்த அம்புகளில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கேள்வி: மாடியில் துணி காயப்போடும் கொடியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் சீக்கிரம் அறுந்துவிடுகிறது. துணி அவ்வளவு கனமா?
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: துணி கனமில்லை. இங்கே தனியாக எடுக்க வேண்டியது துணி தொங்கும் புள்ளி. அதில் மூன்றே விசைகள்: துணியின் எடை கீழே, கயிற்றின் இழுவிசை இரு பக்கமும் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து. எடையைத் தாங்குவது அந்தச் சாய்வு மட்டுமே. கம்பங்கள் 4 மீட்டர் இடைவெளியில் இருக்கட்டும், நடுவில் 2 கிலோ ஈரத்துணி, தொய்வு 10 சென்டிமீட்டர் என்றால் இழுவிசை ஏறக்குறைய 200 நியூட்டன், துணியின் எடையைப் போலப் பத்து மடங்கு! தொய்வை 40 சென்டிமீட்டராக விட்டால் 51 நியூட்டன்தான். அதனால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். துணி தரையில் படுமே என்றால் கம்பத்தில் முடிச்சைச் சற்று மேலே ஏற்றிப் போடுங்கள்.